அந்த மேசையில் போய் இருங்கள்: லண்டன் தமிழ்க் கவுன்சிலர்களுக்கும் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடிதத்தைக் கவுன்சிலுக்கோ, தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ்ஸுக்கோ எழுதவில்லை. அவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். லண்டன் பரோக்களில், அதாவது நகரின் உள்ளூராட்சிப் பிரிவுகளில், நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய தமிழ்க் கவுன்சிலர்களுக்கும், கோயில் அறங்காவலர் சபைகளுக்கும், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், முதியோர் சங்கம் என்று ஓடித் திரிகிறவர்களுக்கும்தான் இது. கவுன்சிலர்களில் யார் எந்தக் கட்சி என்பது எனக்கு ஒரு பொருட்டில்லை.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பரோவிலும் கவுன்சிலும் என்.எச்.எஸ்ஸும் சேர்ந்து ஒரு பெருந்தொகையைச் செலவழிக்கின்றன. வயதானவர்களை வைத்தியசாலையில் இருந்து வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு, வீட்டுக்கு வந்து குளிக்கவார்த்துச் சாப்பாடு கொடுக்கிற கெயாரர், கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் கைபிடி, அம்மாவை வீட்டில் வைத்துப் பார்க்கும் மகளுக்குக் கொஞ்சம் ஓய்வு, இதெல்லாம் பெரும்பாலும் அந்தக் காசில் இருந்துதான் வருகிறது. என்ன சேவை வேண்டும், எவ்வளவு வேண்டும், யாரிடம் வாங்குவது, வாங்கியது ஒழுங்காக நடக்கிறதா என்று தீர்மானிக்கிற வேலைக்குக் கமிஷனிங் என்று பெயர். இரண்டு தரப்பும் சேர்ந்து செய்தால் ஜொயின்ற் கமிஷனிங். அதற்காக ஸ்பெசிபிகேஷன் என்று ஓர் ஆவணம் எழுதுவார்கள். அதில் ஒரு வரி இருந்தால் அந்தச் சேவையை நாங்கள் கேட்டு வாங்கலாம். இல்லாவிட்டால் ஒப்பந்தம் முடிகிற வரைக்கும் கெஞ்சித்தான் வாங்க வேண்டும், அதுவும் கிடைத்தால். நான் அறிந்தவரை, அந்த ஆவணம் எழுதப்படுகிற மேசையில் எங்கள் ஆட்கள் இருப்பதில்லை.

நான் வைத்தியசாலை வார்டுகளிலும் வீட்டு மதிப்பீடுகளிலும் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறவள். அந்த மேசையில் எடுக்கிற முடிவுகள் கட்டிலடிக்கு வந்து சேரும்போது எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். எந்த வைத்தியசாலை, எந்தக் கம்பனி என்று சொல்லப் போவதில்லை. எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

ஒன்றைச் சொல்கிறேன். கலவை இன்சுலின் போடுகிற ஓர் அம்மா. கண் பார்வை குறைந்துவிட்டதால் தானாக ஊசி போட முடியாது. ஊசி போட டிஸ்ட்ரிக்ட் நேர்ஸ் வருவார், அவர் என்.எச்.எஸ். காலைச் சாப்பாடு கொடுக்கக் கெயாரர் வருவார். அவரை அனுப்புகிற கம்பனிக்குக் காசு கொடுப்பது கவுன்சில். கலவை இன்சுலின் போட்டால் கையோடு சாப்பிட வேண்டும் என்பது சலரோகக்காரர் இருக்கும் எந்த வீட்டிலும் தெரியும். நேர்ஸின் பட்டியலில் இந்த வீடு முதலாவது, எட்டு மணிக்கு. கெயாரரின் ரோட்டாவில் இந்த வீடு நாலாவது, பத்து மணிக்குப் பிறகு. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் தங்கள் நேரத்துக்குச் சரியாக வந்தார்கள். அம்மா சீனி இறங்கி, வியர்த்து, குசினி வாசலில் விழுந்துவிட்டார். அம்புலன்ஸ் வந்தது, அட்மிஷன் ஆனது, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். வார்டில் டிஸ்சார்ஜ் கூட்டம் நடந்தபோது நேர்ஸ் வரும் நேரத்தை மாற்ற முடியுமா என்று மகன் கேட்டார். அது நேர்ஸை அனுப்புகிற கம்யூனிட்டி டீமிடம் கேட்க வேண்டும் என்றார்கள். கெயாரரின் நேரத்தை மாற்றலாமா என்றார். அது கெயாரர் கம்பனியை ஒழுங்கு செய்கிற கவுன்சில் பகுதியான புரோக்கரேஜிடம் கேட்க வேண்டும் என்றார்கள். அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவரிடமும் இரண்டு நேரத்தையும் சேர்த்து மாற்றுகிற அதிகாரம் இல்லை.

இத்தனைக்கும் கெயாரருக்கே பயிற்சி கொடுத்து இன்சுலின் போட வைக்கலாம். நேர்ஸ் மேற்பார்வை செய்கிற அந்த முறை இந்த நாட்டில் பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பயிற்சிக்கு யார் காசு கொடுப்பது, கெயாரர் கூடுதலாக நிற்கிற நேரத்துக்கு யார் கொடுப்பது, ஏதும் பிழைத்தால் யார் பொறுப்பு என்று முதலில் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்படி எழுதுகிற இடம்தான் கூட்டு ஒப்பந்தம்.

காசும் பொறுப்பும் ஏன் இப்படி இரண்டு பையாகப் பிரிந்து கிடக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948 ஜூலை 5 அன்று இரண்டு சட்டங்கள் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தன. ஒன்று என்.எச்.எஸ்ஸைத் தொடங்கியது: எல்லாருக்கும் இலவசம், காசு அரசாங்கத்தினுடையது. மற்றது தேசிய உதவிச் சட்டம். அது முதியோர் பராமரிப்பைக் கவுன்சில்களிடம் விட்டது, வசதியுள்ளவரிடம் கட்டணம் வாங்கலாம் என்றும் சொன்னது. நோய் வருத்தம் ஒரு பக்கம், முதுமை மற்றப் பக்கம். இரண்டும் ஒரே உடம்பில் வந்தால் என்ன செய்வது என்ற சண்டை அன்றைக்குத் தொடங்கியது. தொண்ணூறுகளில் இது எவ்வளவு தூரம் போனது என்றால், ஒருவரைக் குளிக்கவார்ப்பது மருத்துவக் குளிப்பா, சமூகக் குளிப்பா என்று அதிகாரிகள் வாதாடினார்கள். மருத்துவக் குளிப்பு என்றால் நேர்ஸ், இலவசம். சமூகக் குளிப்பு என்றால் கவுன்சில், பில் வரும். தண்ணீர் ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த அரசாங்கங்கள் எல்லாம் இந்த இரண்டு பையையும் சேர்த்துத் தைக்கப் பார்த்தன. 1999 இல் ஒரு சட்டம் கூட்டு நிதிக்கு வழி திறந்தது. இப்போது அது 2006 ஆம் ஆண்டு என்.எச்.எஸ் சட்டத்தின் 75 ஆம் பிரிவாக இருக்கிறது. 'செக்ஷன் 75' என்று அதிகாரிகள் வாய்க்கு வாய் சொல்வது இதைத்தான்: இரு தரப்பும் காசை ஒரே கணக்கில் போடலாம், ஒருவர் மற்றவருக்காகவும் சேவை வாங்கலாம். 2014 ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம், சுகாதாரத்தோடு சேர்ந்து வேலை செய்வதைக் கவுன்சில்களுக்குக் கடமையாகவே ஆக்கியது. 2015 ஏப்ரலில் பெற்றர் கெயார் ஃபண்ட் என்ற கூட்டு நிதி தொடங்கியது, முதல் வருஷமே இங்கிலாந்து முழுவதும் 5.3 பில்லியன் பவுண். 2022 ஜூலையில், ஒவ்வொரு பகுதியிலும் என்.எச்.எஸ் சேவைகளைத் திட்டமிட்டு வாங்குகிற ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் வந்தன. அப்போது இங்கிலாந்துக்கு 42, அதில் லண்டனுக்கு 5. மூன்று வருஷம் போகவில்லை, நிர்வாகச் செலவைப் பாதியாகக் குறையுங்கள் என்று 2025 இல் சொல்லிவிட்டார்கள், அயல் வாரியங்களை ஒன்றாக்கும் வேலை தொடங்கிவிட்டது. பெயர்ப்பலகை எழுதுகிறவருக்குத்தான் இந்த நாட்டில் ஓயாத வேலை.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் கரையில் ரோர்பே என்றொரு இடம். 2005 இல் அங்கே சுகாதாரத்தையும் முதியோர் பராமரிப்பையும் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தார்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். திட்டம் போடுவதற்கு முதல் ஒரு கற்பனை மூதாட்டியை உண்டாக்கினார்கள். பெயர் மிஸிஸ் ஸ்மித். அவவுக்கு என்ன வருத்தம், யார் யார் வீட்டுக்கு வருகிறார்கள், ஒரே கேள்வியை எத்தனை பேர் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எழுதிப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் முன்வைக்கும்போது 'இதனால் மிஸிஸ் ஸ்மித்துக்கு என்ன லாபம்?' என்று கேட்டார்கள். பல துறைகளில் இருந்த ஆட்களை ஒரு டீமாக்கி, குடும்பங்களோடு தொடர்பு வைக்கவென்றே ஒருங்கிணைப்பாளர்களைப் போட்டார்கள். அந்த அனுபவம் நாடு முழுவதும் பேசப்பட்டது.

சரி, மிஸிஸ் ஸ்மித்துக்குப் பதிலாக எங்கள் அம்மா ஒருவரை அந்த மேசையில் வைத்துப் பாருங்கள். எண்பதை எட்டுகிற வயது. பிள்ளைகள் 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து ஒவ்வொருவராக வெளிக்கிட்டு வந்தவர்கள். அம்மா பேரப்பிள்ளைகளைப் பார்க்க என்று பின்னால் வந்தவர். சலரோகம், பிரஷர், இரண்டு முழங்காலும் ஏலாது. ஐயா போய்விட்டார். ஆங்கிலத்தில் 'தாங்க் யூ', 'நோ பெயின்' என்று சொல்வார், பெயின் இருக்கும்போதும்.

இந்த அம்மாவை வார்டில் இருந்து வீட்டுக்கு அனுப்ப முதல் ஒரு சமையலறைச் சோதனை செய்வார்கள். தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒரு சின்னக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு கேத்தில், ரீ பாக், பிளாஸ்டிக் போத்தலில் பால், பாண், ரோஸ்டர் எல்லாம் காட்டி, ஒரு தேத்தண்ணி போட்டு ரோஸ்ட் செய்யுங்கள் என்பார். பாதுகாப்பாகச் செய்கிறாரா, அடுத்தது என்ன என்று ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. நான் போன ஒரு சோதனையில் அம்மா கேத்திலைத் தொடவில்லை. அலுமாரிகளைத் திறந்து திறந்து பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். தேயிலை, வடி, பால்மா என்றார். அறுபது வருஷமாகச் சாயம் ஊற்றி, வடித்து, இழுத்து ஆற்றித் தேத்தண்ணி போட்ட கை. நூல் கட்டிய பொட்டலத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. படிவத்தில் 'படிமுறை தெரியவில்லை, தூண்டுதல் தேவை' என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் நல்ல மனிசி. எழுதியதை வெட்டிவிட்டு, அடுத்த நாள் வீட்டில் இருந்து சாமான் கொண்டுவரச் சொல்லி மறுபடியும் பார்த்தார். அம்மா நாலு பேருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். மொழிபெயர்ப்பாளர் புக் பண்ணாத நாட்களில் எத்தனை அம்மாமாருக்கு மறதி நோய்ச் சந்தேகம் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இது முதல் பிழை. அடுத்தது வீட்டில். கெயாரர்கள் வந்துபோனதை எழுதும் கோப்பு ஒன்று இருக்கும், இப்போது பல இடங்களில் ஃபோனிலேயே எழுதுகிறார்கள். திறந்து வாசித்துப் பாருங்கள். மதியச் சாப்பாடு மறுத்தார். குளிப்பு மறுத்தார். குளிப்பு மறுத்தார். சாப்பாடு மறுத்தார். ஏன் மறுத்தார் என்ற விபரம் இருக்காது. வந்தவர் ஆண்பிள்ளை. மைக்ரோவேவில் வைத்தது மாட்டிறைச்சி போட்ட உருளைக்கிழங்கு. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. இது ஒன்றும் அந்தப் பெடியனின் பிழையில்லை, அவருக்குக் கிடைத்தது அரை மணித்தியாலம், அதற்குள் அவர் பேசுகிற மொழி அம்மாவுக்கும் அம்மா பேசுவது அவருக்கும் விளங்கவில்லை. ஆறு கிழமையில் மீளாய்வு வரும். வருகிற சோஷல் வேர்க்கர் கோப்பைப் புரட்டுவார். இவ்வளவு சேவையை மறுக்கிறார் என்றால் இவ்வளவு தேவையில்லை என்று அர்த்தம். நாளுக்கு நாலு தரம் வந்தது இரண்டு தரமாகும். மருமகள் வேலையைப் பகுதி நேரமாக்குவார்.

இதில் எனக்கு ஆகக் கோபம் வருகிற இடம் எது தெரியுமா? எங்கள் பிள்ளைகள், பெண்கள், ஊரில் இருந்து அண்மையில் வந்தவர்கள் என்று எத்தனையோ தமிழர் இதே லண்டனில் கெயாரர் வேலை செய்கிறார்கள். அவர்கள் வேறொரு தெருவில் ஓர் ஆங்கிலேயத் தாத்தாவுக்குச் சவரம் செய்துகொண்டிருப்பார்கள். கம்பனி ரோட்டா போடுவது போஸ்ட் கோட்டைப் பார்த்து. மொழியைப் பார்த்துப் போடச் சொல்லி ஒப்பந்தத்தில் யாரும் கேட்கவில்லை. கேட்காததைக் கம்பனி ஏன் செய்யப் போகிறது?

ஆட்களைத் தேடிப் பிடிக்கத் தேவையில்லை, புதிதாகப் பெரிய காசும் தேவையில்லை. குறிப்பிட்ட மொழி பேசுகிறவர்கள் செறிந்த வட்டாரத்தில் அந்த மொழி தெரிந்த பணியாளரை இயன்றவரை அனுப்ப வேண்டும், எத்தனை வீட்டுக்கு அப்படி அனுப்பினீர்கள் என்று காலாண்டுக்கு ஒருமுறை கணக்குக் காட்ட வேண்டும், மறுத்தார் என்று எழுதினால் காரணமும் எழுத வேண்டும், தொடர்ந்து மறுத்தால் நேரத்தைக் குறைக்க முதல் மொழிபெயர்ப்பாளரோடு போய்க் கேட்க வேண்டும். இவ்வளவுதான். ஸ்பெசிபிகேஷனில் அரைப் பக்கம் பிடிக்கும்.

அந்த அரைப் பக்கத்தை எழுதவைக்க எங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்று கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஒவ்வொரு பரோவும் தன் மக்களின் தேவைகளைப் பற்றி ஜே.எஸ்.என்.ஏ. என்ற கூட்டு மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும் என்பது சட்டம். கமிஷனிங் செய்கிறவர்கள் அதை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். அதில் உங்களைத் தேடிப் பாருங்கள். சனத்தொகைக் கணக்கெடுப்பில் ஆசியர் என்ற தலைப்பின் கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்காளதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் போய் விழுகிற இடம் 'வேறு ஆசியர்'. அந்தக் கூடைக்குள் நேபாளியும் இருக்கிறார், பிலிப்பினோவும் இருக்கிறார். கூடையின் சராசரி வயது, சராசரி வருத்தம் என்று போட்டால் எங்கள் அம்மா காணாமல் போய்விடுவார். ஆனால் அதே கணக்கெடுப்பில் முதன்மை மொழி என்ற கேள்வியும் இருக்கிறது. 2021 இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைச் சொன்னவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். வயது, வட்டாரம், ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று அந்தத் தரவைப் பிரித்துக் கொடுக்கலாம். கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பணிப்பாளரிடம் ஒரு கவுன்சிலர் கேட்டால் காது கொடுப்பார். நான் கேட்டால் மின்னஞ்சல் கிடைத்தது என்று தானியங்கிப் பதில் வரும்.

எனவே கவுன்சிலர் ஐயாமாரே, அம்மாமாரே, உங்களுக்கு இருக்கிற வழிகள் இவை. பரோவின் ஹெல்த் அன்ட் வெல்பீயிங் போர்டில் கவுன்சிலர்களும் என்.எச்.எஸ் பிரதிநிதிகளும் ஒன்றாக இருக்கிறார்கள், கூட்டம் பகிரங்கமானது, நிகழ்ச்சி நிரல் ஐந்து வேலை நாட்களுக்கு முதலே வெளிவர வேண்டும். பெற்றர் கெயார் ஃபண்ட் திட்டத்துக்கு இந்தப் போர்டு சம்மதம் கொடுக்க வேண்டும். அந்தத் திட்டத்தை நீங்கள் கடைசியாக எப்போது வாசித்தீர்கள்? நீளமான, அலுப்படிக்கிற எக்ஸெல் தாள்தான், ஆனால் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று வரிவரியாக இருக்கும். சுகாதாரச் சேவைகளை மேற்பார்வை செய்கிற கவுன்சிலர்களின் ஸ்குருட்டினி குழுவில் இருந்தால் என்.எச்.எஸ் அதிகாரிகளையே கூப்பிட்டுக் கேள்வி கேட்கலாம். செக்ஷன் 75 ஒப்பந்தத்தைப் பார்க்கக் கேட்கலாம். எந்த ஒப்பந்தத்துக்கும் முதல் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கடமையைக் கருத்தில் எடுத்திருக்க வேண்டும். சமத்துவ மதிப்பீட்டைக் காட்டுங்கள், அதில் மொழி எங்கே என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்துகிற நேரத்தில் நாங்கள் உங்களிடம் இதைக் கேட்பதில்லை, அது எங்கள் பிழைதான். இனிக் கேட்போம்.

அப்புறம் சங்கங்கள். உங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கிழமையில் ஒரு நாள் முதியோரைக் கூப்பிட்டு, சோறு போட்டு, உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்து, கடிதங்களை வாசித்துச் சொல்லி அனுப்புகிற தமிழ் அமைப்புகள் இந்த நகரத்தில் பல உண்டு. அவர்கள் செய்கிற வேலைக்கு என்.எச்.எஸ் அகராதியில் தடுப்புச் சேவை என்று பெயர், அதற்குக் கூட்டு நிதியில் காசு ஒதுக்கலாம். ஆனால் டென்டர் வரும்போது என்ன நடக்கிறது? ஒரே பரோவில் மூன்று சங்கம் தனித்தனியாக விண்ணப்பிக்கும். மூன்றுக்கும் வருமானம் போதாது என்று திருப்பி அனுப்புவார்கள். பெரிய நிறுவனம் ஒன்று ஒப்பந்தத்தை எடுத்து, பிறகு எங்கள் மண்டபத்துக்கு வந்து 'உங்கள் சமூகத்தை எங்களோடு இணைத்துவிடுங்கள்' என்று கேட்கும், நாங்களும் வடை கொடுத்து அனுப்புவோம். ஊர் வேறு, பள்ளிக்கூடம் வேறு, கோயில் வேறு என்று இருந்துவிட்டுப் போங்கள், அதை நான் மாற்ற வரவில்லை. டென்டருக்கு மட்டும் ஒன்றாகப் போங்கள். கணக்கு வழக்குச் சுத்தமாக இருக்கிற ஒரு சங்கம் முன்னால் நிற்கட்டும், மற்றவர்கள் அதன் கீழ் உப ஒப்பந்தக்காரராக இருக்கட்டும். காப்புறுதி, டி.பி.எஸ். என்ற குற்றப் பின்னணிச் சோதனை, முதியோர் பாதுகாப்புக் கொள்கை, அறநிறுவனங்களைக் கண்காணிக்கிற சரிற்றி கமிஷனுக்கு நேரத்துக்கு அனுப்பிய வருடாந்தக் கணக்கு, இவை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. குளிக்கவார்ப்பது, உடுப்பு மாற்றுவது மாதிரியான நேரடிப் பராமரிப்புக்கு, பராமரிப்புச் சேவைகளைக் கண்காணிக்கிற சி.கியூ.சி.யில் பதிவு கட்டாயம், மதியச் சாப்பாட்டுச் சங்கத்துக்கு அது வேண்டாம். எனவே பதிவைப் பற்றிப் பயந்து பின்வாங்க வேண்டியதில்லை.

பொதுச் சேவைகள் சமூகப் பெறுமதிச் சட்டம் என்று 2012 இல் ஒன்று வந்தது. சேவை வாங்கும்போது அந்தப் பகுதிக்கு வேறு என்ன நன்மை வரும் என்றும் யோசிக்கச் சொல்கிறது. இதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒப்பந்தத்தைச் சின்னத் துண்டுகளாகவும் பிரியுங்கள், கொஞ்சத்தை மானியமாக விடுங்கள் என்று கேட்கலாம். ஆனால் ஸ்பெசிபிகேஷன் எழுதத் தொடங்க முதல் கேட்க வேண்டும். விளம்பரம் வந்தபிறகு போனால் கதவைப் பூட்டியிருப்பார்கள், பூட்டத்தான் வேண்டும், சட்டம் அப்படி.

சங்கங்கள் இன்றைக்கே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. ஆட்களுக்கு விஷயத்தைச் சொல்வது. கவுன்சில் வந்தால் வீட்டை எடுத்துவிடும் என்று பயந்து உதவியே கேட்காமல் இருக்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். வீட்டிலேயே இருந்து பராமரிப்புப் பெறுகிறவரின் சொந்த வீடு கணக்கில் சேராது. சேமிப்பும் வருமானமும்தான் கணக்கு, சேமிப்பு 23,250 பவுணுக்கு மேல் இருந்தால் செலவு முழுவதும் தங்களுடையது. அந்த எல்லையை 2010 இல் இருந்து ஓர் அரசாங்கமும் உயர்த்தவில்லை என்பது வேறு விஷயம். வைத்தியசாலையால் வந்தபிறகு எழும்பி நடக்கப் பழக்குகிற றீஏபிள்மென்ட் ஆறு கிழமை வரைக்கும் இலவசம். சேவைக்குப் பதிலாகக் கவுன்சில் காசாகத் தருகிற நேரடிக் கொடுப்பனவு எடுத்தால் தமிழ் தெரிந்த ஒருவரை நீங்களே வேலைக்கு வைக்கலாம், பெரும்பாலும் ஒரே வீட்டில் இருக்கும் நெருங்கிய உறவினரை வைக்க விடமாட்டார்கள், அவ்வளவுதான். பார்க்கிற பிள்ளைக்கும் தனியாக மதிப்பீடு கேட்கும் உரிமை இருக்கிறது.

இன்னொன்றை எங்கள் கூட்டங்களில் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். போரில் பட்டதும் பார்த்ததும் சேர்ந்து மனவருத்தமாகி, மனநலச் சட்டத்தின் 3 ஆம் பிரிவில் வைத்தியசாலையில் தடுத்து வைக்கப்பட்டவர்கள் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் வெளியே வந்தபிறகு அந்த வருத்தத்துக்காகத் தேவைப்படும் கவனிப்பைக் கவுன்சிலும் என்.எச்.எஸ்ஸும் சேர்ந்தே கொடுக்க வேண்டும், 1983 ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 117 ஆம் பிரிவு அது. அதற்குக் கட்டணம் வாங்க முடியாது. வாங்கியிருந்தால் திருப்பிக் கேட்கலாம். வெட்கத்தில் மூடி வைத்துக்கொண்டு மாதாமாதம் பில் கட்டுகிற குடும்பங்களுக்கு இதை யாராவது காதோடு காதாகச் சொல்லிவிடுங்கள்.

ஒன்றாகச் சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. வட அயர்லாந்தில் 1973 இல் இருந்து சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் ஒரே அமைப்புத்தான், ஆனாலும் அங்கே வைத்தியசாலைக் காத்திருப்புப் பட்டியல் இந்த நாட்டிலேயே மோசமானது. ஸ்கொட்லாந்து 2014 இல் சட்டம் கொண்டுவந்து 31 கூட்டு அமைப்புகளை உருவாக்கியது, அங்கேயும் பட்ஜெட் சண்டை ஓயவில்லை. காசு போதாத இரண்டு பையைச் சேர்த்தால் காசு போதாத ஒரு பை வரும். அது எனக்கும் தெரியும். ஆனால் இன்சுலினும் காலைச் சாப்பாடும் ஒரே நேரத்துக்கு வருவதற்குப் புதிய பில்லியன்கள் தேவையில்லை, ஒரே தாளில் இரண்டு கையெழுத்துப் போதும்.

பெரிய சீர்திருத்தம் வருகிறது, அதுவரை பொறுங்கள் என்று உங்களுக்குச் சொல்வார்கள். பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண் உச்சவரம்பு வரும் என்றும் அப்படித்தான் சொன்னார்கள். 2023 என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், 2024 ஜூலையில் அதைக் கைவிட்டார்கள். இப்போது முதியோர் பராமரிப்பைச் சீர்திருத்த வழி சொல்லவென்று அரசாங்கம் போட்ட லூயிஸ் கேசியின் ஆணைக்குழு. அதன் இறுதி அறிக்கைக்கு 2028 வரைக்கும் தவணை. வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் அதற்குக் காத்திருப்பதில்லை, அவை பாட்டுக்கு முடிந்து, பாட்டுக்குப் புதிதாக எழுதப்படுகின்றன.

ஆகவே முதல் வேலையாக ஒன்றே ஒன்றைக் கேட்டு அறியுங்கள்: உங்கள் பரோவின் வீட்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது, அடுத்ததற்கான ஆலோசனை எப்போது தொடங்குகிறது? கவுன்சிலர் கேட்டால் ஒரு மின்னஞ்சலில் பதில் வரும். சங்கம் கேட்பதென்றால் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எழுதுங்கள், இருபது வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த திகதியைக் கோயில் அறிவிப்புப் பலகையிலும், எந்நேரமும் காலை வணக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிற அந்த வாட்ஸ்அப் குழுக்களிலும் போடுங்கள். ஆங்கிலத்தில் எழுத ஆள் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள், எழுதித் தருகிறேன். இதற்குக் கட்டணம் வாங்கமாட்டேன்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்